நூலோட்டி ஒட்டிய மேசை

தைப்பொங்கலுக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது. இன்று காலை என் தம்பி பட்டறைச் சுவருக்கு வெள்ளையடிக்கத் தொடங்கினான். கடைச் சுண்ணாம்பு இல்லை. உங்கள் வெல்டிங் காஸ் பீப்பாயில் காபைட் கல் கரைந்து அடியில் ஒரு வெள்ளைச் சேறு தேங்குமே, அதைத்தான் வாளியில் கரைத்து வைத்திருந்தான். முதல் வீச்சு சுவரில் விழுந்ததும் அந்த நாற்றம் எழுந்தது, அழுகிய வெள்ளைப்பூண்டு நாற்றம். பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலைப் படாரென்று சாத்தினாள். நான் தையல் மெஷினை விட்டு எழுந்து போய், பட்டறை வாசலில் நின்று, மூச்சை நன்றாக இழுத்துவிட்டுக்கொண்டேன்.

நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. படத்துக்குப் பூ வைக்கிறேன், ஊதுபத்தி கொளுத்துகிறேன், அப்போதெல்லாம் வராத ஆள் இந்தப் பூண்டு நாற்றத்துக்கு மட்டும் ஓடி வந்துவிட்டீர்கள். உங்களுக்கு எப்போதும் அப்படித்தான். நல்ல சட்டை போட்டுக்கொண்டு ஒரு கல்யாண வீட்டுக்கு வரச் சொன்னால் ஆயிரம் சாக்கு. கரி பிடித்த இடமென்றால் கூப்பிடாமலே வந்து நிற்பீர்கள்.

அந்தச் சேற்றை வெள்ளையடிக்கலாம் என்று கண்டுபிடித்ததும் நீங்கள்தானே. "சும்மா கெடக்குற சுண்ணாம்பு புள்ள, கொட்ட மனசு வருதா?" என்று சொல்லி ஒரு பொங்கலுக்கு வீட்டுச் சுவர் முழுவதும் அடித்துவிட்டீர்கள். அந்த வருஷம் வந்த விருந்தாளிகள் ஒவ்வொருவராக என்னிடம் வந்து, பூண்டு ரசம் எதுவும் கெட்டுவிட்டதா என்று மெல்லக் கேட்டார்கள். நீங்கள் பாட்டுக்கு உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். மூக்கு இருந்தால்தானே உங்களுக்குத் தெரிய!

மேசை அதே இடத்தில்தான் இருக்கிறது. ஆறடி நீளம், மூன்றடி அகலம், இரும்புக் கால், இரும்புத் தலை. தம்பி அதன்மேல் வாளியை வைத்துவிட்டுச் சுவருக்கு அடித்துக்கொண்டிருந்தான். வாளியில் சுண்ணாம்புத் தண்ணீர் ஒரு பக்கமும் சாயாமல் நின்றது. அந்தத் தண்ணீர் சாயாமல் நிற்பதற்கு நாம் இரண்டு பேரும் பட்ட பாட்டை அவனுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். பிறகு, அவனிடம் எதற்கு, உங்களிடமே சொல்லலாம் என்று தோன்றியது.

முப்பத்தொன்றாம் வருஷம் ஊரெல்லாம் வேலைக்குப் பஞ்சம். கண்டி டவுனில் நீங்கள் வேலை செய்த மோட்டார் கராஜை முதலாளி இழுத்து மூடிவிட்டுப் போய்விட்டார். மஹய்யாவில் நம் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் நீங்கள் வருஷக்கணக்கில் ஒவ்வொன்றாகச் சேர்த்த சாமான்கள்: பழைய வெல்டிங் குழாய், நீங்களே தகரத்தில் செய்த காஸ் பீப்பாய், தீ வெளிச்சம் கண்ணைக் கூசாமலிருக்க மாட்டும் நீலக் கண்ணாடி இரண்டு. "இந்தக் கொட்டகைதான் இனிமே நம்ம கராஜ்" என்றீர்கள். சொன்ன மூன்றாம் நாள் தோட்டத்திலிருந்து கடிதம் வந்தது.

தெல்தெனியாப் பக்கத்தில் நாம் இருவரும் பிறந்து வளர்ந்த தோட்டம்தான். தேயிலை ஸ்டோரில், அதுதான் கொழுந்து அரைக்கும் தொழிற்சாலையில், இஞ்சின் பழுதுபார்க்கும் பிட்டர் வேலை காலியாக இருக்கிறது, அடுத்த மாதம் முதலாம் தேதிக்குள் வந்துவிட்டால் உங்களுக்கே என்று எழுதியிருந்தார்கள். வேலையோடு லயத்து வரிசை வீடுகளில் ஒற்றை அறைக் காம்பரா ஒன்றும் தருவார்களாம்.

நீங்கள் அந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டியபோது நான் மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தேன். இப்போது சொல்கிறேன், தையல் எந்தப் பக்கம் போனது என்று நான் பார்க்கவேயில்லை. நான் பிறந்த லயத்தில் ஒரு காம்பராவுக்குள் ஏழு பேர் படுத்தோம். விடியுமுன் பீலியில் கொட்டும் ஊற்றுத் தண்ணீருக்கு வரிசையில் நின்றே எனக்குக் கால் வளர்ந்தது. கல்யாணமாகி மஹய்யாவுக்கு வந்த பிறகுதான் சொந்தமாக ஒரு கதவு, ஒரு தாழ்ப்பாள். தையல் மெஷினை ஜன்னல் பக்கம் போட்டு, அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக்கொண்டு, எனக்கென்று ஒரு வெளிச்சம் இருந்தது. அதை விட்டுவிட்டு மெஷினைத் தலையில் வைத்துக்கொண்டு திரும்பவும் அந்த மலை ஏறுவதை நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் உலை வைக்க அரிசி வேண்டும். வாயை மூடிக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் கட்டுகஸ்தோட்டை ஹாஜியார் நம் கொட்டகையைத் தேடி வந்தார். கண்டி ரோட்டில் மூன்று பஸ் ஓட்டுகிறவர். நாலாவது பஸ்ஸுக்கு மரவேலை எல்லாம் முடிந்துவிட்டது, உள்ளே வைக்க சீட்டுக்கு இரும்புச் சட்டம்தான் இல்லை. குடையை மடக்கிக் கதவில் சாத்திவிட்டு, நின்றபடியே பேசினார். கைவேலைக்காரர் யாராக இருந்தாலும் அவருக்கு "பாஸ்"தான்.

"பாஸ், எனக்கு இருவது சட்டம் வேணும். கொழும்புல கேட்டா ரெண்டு மாசம் எண்டு சொல்றானுகள். ஒங்களுக்கு இந்த மாசக் கடைசி வரைக்கும் டைம் தாறன். இது சரியா வந்தா மத்த பஸ்ஸுகள்ட வேலையும் ஒங்களுக்குத்தான். ஆனா ஒண்டு. சீட்டு ஆடப்படாது. பஸ்ஸு ஆடினா அது ரோட்டுட குத்தம். சீட்டு ஆடினா அது ஒங்கட குத்தம்."

"ஆடாதுங்க ஹாஜியார்" என்று தலையை ஆட்டிச் சொன்னீர்கள். அவர் போனதும் என்னைப் பார்த்து, "மேச வேணும் புள்ள" என்றீர்கள்.

எதற்கு மேசை, இவ்வளவு காலமும் தரையில் வைத்துத்தானே இரும்பை உருக்கி ஒட்டினீர்கள் என்று கேட்டேன். நீங்கள் மண்தரையைக் காட்டினீர்கள். தரை குண்டும் குழியுமாக இருந்தால் அதன்மேல் வைத்து ஒட்டிய சட்டத்துக்கும் ஒரு கால் நெட்டை, ஒரு கால் குட்டையாகத்தான் வரும். மரமேசை வைத்தால் நெருப்பில் போய்விடும். இரும்பு மேசை, அதுவும் கண்ணாடி மாதிரி மட்டமான மேசை வேண்டும். அதன்மேல் தீ தாங்கும் உலைக்கல் இரண்டை வைத்து, சட்டத்தை அதில் ஏற்றி ஒட்டினால் இருபதும் ஒரே அச்சில் வரும். நீங்கள் சொல்லச் சொல்ல எனக்கு உள்ளுக்குள் ஒரு தெம்பு வந்தது. இருபது சட்டம் ஆடாமல் வந்தால் நாம் தோட்டத்துக்குப் போக வேண்டியதில்லை. எனக்குப் புரிந்தது அவ்வளவுதான்.

தகட்டை நீங்கள் கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய இரும்புக் கடையின் பின்புறம் கண்டுபிடித்தீர்கள். வண்டிகளை ஏற்றி நிறுக்கும் தராசு மேடையிலிருந்து கழற்றிப் போட்ட தகடு, கால் அங்குலக் கனம். நாலு பேர் சேர்ந்து மாட்டுவண்டியில் ஏற்றினார்கள். மஹய்யா ஏற்றத்தில் மாடு நின்றுவிட்டதாம். நீங்கள் இறங்கித் தள்ளியிருக்கிறீர்கள். ஏற்றம் முடிந்ததும் மழை பிடித்துக்கொள்ள, தகட்டின் மேலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்து, குடையைப் பிடித்துக்கொண்டு தெருவுக்குள் வந்தீர்கள். மழைத்துளி விழுந்து தகடு கிணுகிணுவென்று சத்தம் போட்டது. பெண் வீட்டுக்குப் போகும் மாப்பிள்ளை கெட்டான்! தெருவே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. நான் சிரித்துக்கொண்டே ஆரத்தித் தட்டை எடுத்து வந்து உங்களுக்கும் தகட்டுக்கும் சேர்த்துச் சுற்றினேன். "எனக்கா, இரும்புக்கா?" என்று கேட்டீர்கள். "எது வீட்டுக்கு ஒதவுதோ அதுக்கு" என்றேன்.

ஆங்கிள் இரும்பில் நீள்சதுரமாக ஒரு சட்டம் கட்டினீர்கள். நாலு மூலைக்கும் கனத்த தண்ணீர்க் குழாயை அறுத்துக் கால் வைத்தீர்கள். பிறகு தகட்டை மேலே தூக்கிப்போட்டு, சட்டத்தோடு சேர்த்து ஒட்ட ஆரம்பித்தீர்கள். அன்றைக்கு உங்கள் சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. பாட்டு என்ன, விசில் என்ன. ஒரு மூலையில் தீயை வைத்தால் அடுத்த மூலை வரைக்கும் எடுக்கவேயில்லை. இப்படி நாலு கரையும். முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி நெற்றியில் ஏற்றிக்கொண்டு, "பாத்தியா புள்ள, நடுவுல ஒரு எடத்துல நிப்பாட்டல" என்று மார்தட்டினீர்கள்.

மறுநாள் காலையில் குளித்துவிட்டு வந்து மேசைக்குத் திருநீறு பூசி, குங்குமம் வைத்து, நடுவில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தீர்கள். பழம் மெல்ல உருண்டு போய்த் தரையில் விழுந்தது. எடுத்துத் திரும்ப வைத்தீர்கள். திரும்பவும் அதே மூலைக்கு உருண்டது. மூன்றாவது தடவை இரண்டு கையாலும் பிடித்து வைத்தீர்கள், அப்போதும் உருண்டது. எனக்கோ சிரிப்பை அடக்க முடியவில்லை. நான் சிரித்ததற்கு நீங்கள் முறைத்த முறை இன்னும் கண்ணில் நிற்கிறது.

என் வெள்ளை நூல்கண்டைக் கேட்டு வாங்கினீர்கள். ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு ஒரு நூல், மற்ற இரண்டு மூலைக்கும் இன்னொரு நூல். இறுக்கிக் கட்டினால் நடுவில் குறுக்கே போகும் இடத்தில் இரண்டு நூலும் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் மேசை மட்டம். நம் மேசையில் இரண்டு நூலுக்கும் நடுவே என் சுண்டுவிரல் தாராளமாகப் போய் வந்தது. மேசை அப்பளம் போல முறுக்கிக்கொண்டு கிடந்தது.

அப்போது நீங்கள் என்ன சொன்னீர்கள்? இத்தனை வருஷம் இரும்போடு பழகிய மனுஷன், மோட்டார் இஞ்சினைக் கழற்றிப் பூட்டுகிற கைகாரன், என் முகத்தைப் பார்த்து, "கண்ணூறு புள்ள" என்றீர்கள். "தெருவே நின்னு பாத்துச்சுல்ல. அதான் தகடு கோணிக்கிச்சு."

எனக்கும் அப்போது அது நியாயமாகத்தான் பட்டது. உப்பு, மிளகாய், தெருமண் எல்லாம் எடுத்து மேசையை மூன்று சுற்றுச் சுற்றி அடுப்பில் போட்டேன். பூசணிக்காய் ஒன்றை நீங்கள் வாசலில் உடைத்தீர்கள். மிளகாய்க் கமறலில் நாம் இருவரும் இருமி இருமிக் கண்ணீர் விட்டோம். திரும்ப வந்து நூலைக் கட்டிப் பார்த்தால் அதே சுண்டுவிரல். இரும்புக்குக் கண்ணூறு கழிக்க மஹய்யாவில் முதன்முதல் மிளகாய் சுட்டவர்கள் நாமாகத்தான் இருப்போம். இதை நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, உங்கள் மானத்தைக் காப்பாற்றினேன்.

பிறகு சம்மட்டியை எடுத்தீர்கள். மூன்று நாள் அடித்தீர்கள். இங்கே அடித்தால் அங்கே எழும்பியது, அங்கே அடித்தால் இங்கே எழும்பியது. நாலாம் நாள் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கொட்டகையை விட்டு வெளியே வந்தீர்கள். சாப்பிடவில்லை. விசில் சத்தமும் இல்லை. தாளை எடுத்துத் தோட்டத்துக்குக் கடிதம் எழுதினீர்கள், முதலாம் தேதி வந்து சேர்கிறோம் என்று. உறையில் போட்டு ஒட்டி என் கையில் கொடுத்தீர்கள். "மார்க்கெட் பக்கம் போறப்ப தபால்ல போட்டுடு புள்ள. சாமானையும் கட்ட ஆரம்பி."

நான் சரி என்றேன். மார்க்கெட்டுக்கும் போனேன், கத்தரிக்காய் வாங்கினேன், வந்தேன். கடிதத்தை மெஷின் லாச்சியில், அந்தச் சின்ன இழுப்பறையில், நூல் பாபின்களுக்கு அடியில், முகம் கவிழ்த்து வைத்தேன். புருஷன் சொன்னதைச் செய்யாமல் விட்டது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். சரி, பெரிய விஷயத்தில் முதல் தடவை.

அன்று என் மெஷினில் கோயில் திரைச்சீலை ஒன்று இருந்தது. பச்சைத் துணி, அதைச் சுற்றிச் சிவப்புக் கரை வைக்க வேண்டும். மனம் வேறு எங்கோ இருந்ததால் ஒரு மூலையில் ஊசியை இறக்கி ஒரே ஓட்டமாக மிதித்துக்கொண்டு போய்விட்டேன். நாலாவது பக்கம் வந்தபோது துணி இழுபட்டு, கடைசி மூலை சேலைக் கொசுவம் போலத் தூக்கிக்கொண்டது. கற்றுக்குட்டி செய்கிற தப்பு. கரை வைக்கும்போது முதலில் சுற்றிலும் அங்கங்கே நூலோட்டிப் பிடிக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் நடுவிலிருந்து வெளியே கொஞ்சம் கொஞ்சமாகத் தைக்க வேண்டும், இந்தப் பக்கம் ஒரு சாண், எதிர்ப்பக்கம் ஒரு சாண். என்னையே திட்டிக்கொண்டு தையலைப் பிரிக்க உட்கார்ந்தேன். ஜன்னல் வழியே கொட்டகை தெரிந்தது. உள்ளே உங்கள் மேசை. நீள்சதுரமான தகடு, சுற்றிலும் கரை, தூக்கிக்கொண்ட மூலை.

கையிலிருந்த கத்தரிக்கோலோடு அப்படியே ஓடி வந்தேன். நீங்கள் ரம்பங்களுக்கு எண்ணெய் பூசிச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தீர்கள்.

"ஏங்க, நீங்க நூலோட்டாம தச்சுட்டீங்க" என்றேன்.

"என்னா?"

"மேசையத்தான். ஒரு மூலையில புடிச்சு ஒரே ஓட்டமா ஓட்டுனீங்கல்ல. அதான் இழுத்துக்கிச்சு. மொதல்ல அங்கங்க பொட்டுப் பொட்டா புடிச்சுக்கணும். அப்புறம் நடுவுலருந்து இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம்."

"துணிக்கும் இரும்புக்கும் முடிச்சுப் போடாத புள்ள. இரும்பு என்னா, ஊசி நூலா?"

"தீ பட்டா நீளுது, ஆறுனா சுருங்குதுன்னு நீங்கதான சொல்வீங்க? அப்ப இழுக்கத்தான செய்யும்? ஒரு துண்டுத் தகட்டுல செஞ்சு பாருங்க. சரி வரலேன்னா நானே பெட்டி கட்டுறேன்."

நீங்கள் கோபமாக எழுந்து உள்ளே போனீர்கள். காஸ் பீப்பாய் குடுகுடுவென்று சத்தம் போட்டது. நான் வாசலிலேயே நின்று, கத்தரிக்கோலைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தீர்கள், கையில் இரண்டு துண்டுத் தகடு. ஒன்று ஒரே ஓட்டமாக ஒட்டியது, வாழைமட்டை போல வளைந்திருந்தது. மற்றது பொட்டுப் பொட்டாகப் பிடித்து மாறி மாறி ஒட்டியது, தரையில் வைத்தால் படுத்துக்கொண்டது. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தீர்கள். "நீ சொன்னது சரி" என்று சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். தலையைச் சொறிந்துவிட்டு, "ஒந் தையல் சோக்கு எங்க?" என்று மட்டும் கேட்டீர்கள்.

ஒட்டை உளியால் வெட்டிப் பிரிக்கவே இரண்டு நாள் போனது. "தையல் பிரிக்கிறீங்களாக்கும்" என்று நான் கேலி செய்ததற்குச் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்து ஒரு வாரம் ஆகியிருந்தது. தகட்டைச் சூடாக்கித் தட்டி நிமிர்த்தி, சட்டத்தின்மேல் வைத்து, இடுக்கிகளால் இறுக்கி, பாரத்துக்கு என் அம்மிக்கல்லையும் ஆட்டுக்கல்லையும் தூக்கி மேலே வைத்தீர்கள். நாலு நாள் வீட்டில் அரைத்த குழம்பு கிடையாது, வெறும் பருப்புத்தான்.

துணியில் குறி போடும் சோக்குக்கட்டியால் நான் கோடு போட்டேன். எங்கே முதலில், எங்கே அடுத்தது என்று இலக்கம் எழுதினேன். உங்களுடைய இரண்டாவது நீலக் கண்ணாடியை எனக்குப் போட்டுவிட்டீர்கள், அது மூக்கில் நிற்காமல் ரிப்பன் துணியால் பின்னால் கட்டினோம். நீங்கள் ஒரு விரல் நீளம் ஒட்டுவீர்கள். நான் நூலைப் பார்ப்பேன். ஆறும் வரைக்கும் இருவரும் உட்கார்ந்து பிளேன்டீ குடிப்போம். பிறகு எதிர்ப்பக்கத்தில் ஒரு விரல் நீளம். அந்த நாலு நாளில் நாம் பேசிய அளவுக்குக் கல்யாணமான ஏழு வருஷத்தில் பேசியிருப்போமா? நீங்கள் சின்ன வயதில் ஸ்டோர் இஞ்சின் சத்தத்துக்குப் பயந்து அழுத கதையை அப்போதுதான் சொன்னீர்கள். நீங்கள் பெண் பார்க்க வந்த அன்றே நான் உங்களைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்துவிட்டேன் என்பதை அப்போதுதான் ஒப்புக்கொண்டேன்.

கடைசி ஒட்டுக்கு முந்தியதை, "நீயே போடு புள்ள" என்று வெல்டிங் குழாயை என் கையில் கொடுத்தீர்கள். எனக்குப் பயம். என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். இரும்பு உருகி ஒரு சொட்டாகத் திரண்டு நகர்வதை அந்த நீலக் கண்ணாடிக்குள் முதன்முதல் பார்த்தேன். வெல்லப்பாகு பதம் வருகிறபோது பார்த்திருக்கிறேன், அதைவிட அழகு. என் ஒட்டு சீடை உருண்டைகளை வரிசையாக வைத்தது போல வந்தது. நல்லவேளை, மேசைக்கு அடியில் இருப்பதால் யார் கண்ணுக்கும் தெரியாது.

எல்லாம் ஆறியதும் நூலைக் கட்டினோம். நடுவில் இரண்டு நூலும் தொட்டும் தொடாமலும் நின்றன. நீங்கள் ஊதிப் பார்த்தீர்கள், இரண்டும் சேர்ந்து அசைந்தன. ஒரு பெரிய மனுஷன் கொட்டகைக்குள் அந்தக் குதி குதிப்பார் என்று நான் நினைக்கவில்லை. தகரக் கூரையில் தலை இடித்தது.

அந்தச் சந்தோஷத்தில் என்னால் ஒளிக்க முடியவில்லை. உள்ளே போய் லாச்சியிலிருந்து கடிதத்தை எடுத்து வந்து உங்கள் முன்னால் வைத்தேன். "தபால்ல போடலைங்க. அடிக்கிறதுன்னா அடிச்சுக்குங்க" என்றேன். நீங்கள் ஒரு நாளும் என்னை அடித்ததில்லை, ஆனாலும் அப்படித்தான் வாயில் வந்தது. உறையைத் திருப்பிக் காட்டினீர்கள்.

"இதுல முத்திரை எங்க ஒட்டியிருக்கு பாரு."

முத்திரையே இல்லை. நான் பயத்தில் கவனிக்கவேயில்லை.

"முத்திரை வாங்கக் காசும் குடுக்கல. நீ வந்து கேப்பன்னு பாத்தேன், கேக்கல" என்றீர்கள். பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்கும் போக இஷ்டமில்ல புள்ள" என்றீர்கள்.

நாம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொண்டு ஒரே ஆசையை வைத்திருந்திருக்கிறோம். அன்று எனக்கு வந்தது அழுகையா சிரிப்பா என்று இன்னும் தெரியவில்லை. கடிதம் அடுப்புக்குப் போனது.

மேசை சரியானாலும் சட்டம் சரியாக வர வேண்டுமே. ஒன்பது நாள் வெறிபிடித்தது போல வேலை செய்தீர்கள். மாதக் கடைசி நாள் இருபது சட்டத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு கட்டுகஸ்தோட்டைக்குப் போனோம். சீட்டுக்கு உறை தைக்க அளவெடுக்க வேண்டுமென்று ஹாஜியார் என்னையும் வரச் சொல்லியிருந்தார். பாலத்தைத் தாண்டும்போது கீழே மகாவலி நிறைந்து ஓடியது. எனக்கு அதைப் பார்க்கவும் தெம்பில்லை, மனதுக்குள் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தேன்.

ஹாஜியாரின் பஸ் ஷெட்டில் சீமெந்துத் தரை. சட்டங்களை வரிசையாக அடுக்கினார்கள். டிரைவர்மாரும் கொண்டக்டர்மாரும் சுற்றி நின்றார்கள். ஹாஜியார் ஒரு பலகையை முதல் சட்டத்தின்மேல் போட்டார், விளிம்புவரை டீ ஊற்றிய கிளாஸ் ஒன்றை அதில் வைத்தார், செருப்புக் காலால் ஒரு மூலையை அழுத்தினார். டீ சிந்தவில்லை. அடுத்த மூலை. சிந்தவில்லை. பலகையையும் கிளாஸையும் தூக்கி அடுத்த சட்டத்துக்கு வைத்தார். மனுஷன் ஒன்றையும் விடவில்லை, இருபதையும் இப்படியே பார்த்தார். பதினேழாவதில் டீ ஒரு தடவை தளும்பியது, என் உயிர் போய் வந்தது. குனிந்து பார்த்தார். காலுக்கடியில் ஒரு கல். செருப்பால் தட்டிவிட்டு மறுபடி அழுத்தினார். அசையவில்லை.

இருபதாவது முடிந்ததும் அந்த டீயை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

"மாஷா அல்லாஹ்! பாஸ், ஒண்டு கூட ஆடல்லயே. இந்த வேல எங்க படிச்சது? கொழும்புலயா?"

சுற்றி அத்தனை ஆண்கள். நான் பின்னால் தூணோடு தூணாக, முந்தானையால் தலையை மூடிக்கொண்டு, கையில் அளவு நாடாவோடு நின்றேன். ஆமாம் என்று நீங்கள் சொல்லியிருக்கலாம். கராஜில் படித்தேன் என்றிருக்கலாம். யாரும் கேட்கப் போவதில்லை. நானும் வாய் திறந்திருக்க மாட்டேன்.

"இல்லீங்க ஹாஜியார். நான் ஒட்டுன மேச கோணலாப் போச்சு. இவதான் சரி பண்ணிக் குடுத்தா. எங்க காத்தாயி."

என் பெயர் அது. ஏழு வருஷமாக "புள்ள", "இந்தா", "ஏய்" என்றுதான் கூப்பிட்டீர்கள். நம் ஆட்களில் அப்படித்தான், பெண்டாட்டி பெயரைப் பத்துப் பேர் முன்னால் எந்த ஆம்பிளை சொல்கிறான்? தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் செக்ரோலில் கணக்கப்பிள்ளை கத்திக் கூப்பிட்ட பெயர். எனக்கே பிடிக்காத பெயர். அன்று உங்கள் வாயிலிருந்து வந்தபோது அது யாரோ நல்ல வேலைக்காரியின் பெயர் போலக் கேட்டது. எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஹாஜியார், "அப்ப நாளைக்கி ரெண்டு பேருமா வாங்க, அடுத்த பஸ்ஸுக்கும் அளவு எடுப்பம்" என்றார். நான் பாதி கேட்டேன், பாதி கேட்கவில்லை.

தோட்டத்துக்கு நாம் போகவேயில்லை. அதன் பிறகு அந்த மேசையில் எத்தனை பஸ்ஸுக்கு வேலை நடந்தது, எத்தனை வாசல் கேட்டும் ஏணியும் எழுந்தது என்று எனக்குக் கணக்கில்லை. நீங்கள் இருந்தவரைக்கும் புது ஆள் யார் வேலைக்கு வந்தாலும் முதலில் என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, "நூலோட்டுறது எப்புடின்னு காத்தாயிக்கிட்ட கேட்டுக்க" என்பீர்கள். ஒரு தடவை வாயில் வந்த பெயர் அப்புறம் போகவேயில்லை.

ஆனால் உங்கள் பெயரை நான் சொன்னதில்லை. புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்த்தார்கள், நானும் நம்பினேன். கண்டி ஆஸ்பத்திரியில் உங்களைச் சேர்த்த அன்று பதிவு எழுதுகிற ஐயா உங்கள் பெயரைக் கேட்டபோதுகூடப் பக்கத்தில் நின்ற ஓர் அம்மாவின் காதில் சொல்லவும் முடியாமல், தாளில் எழுதிக் காட்டினேன். அவ்வளவு பத்திரமாக உங்கள் ஆயுசைப் பார்த்துக்கொண்டேன். அப்படியும் போய்விட்டீர்கள். நீங்கள் எனக்குப் பத்துப் பேர் முன்னால் கொடுத்ததை நான் உங்களுக்குத் திருப்பிக் கொடுக்கவேயில்லை என்பது இந்த இரண்டு வருஷமாக என் நெஞ்சில் கிடக்கிறது.

இன்று மத்தியானம் தம்பி குளிக்கப் போனான். கூட வேலை செய்கிறவர்கள் இருவரும் மேசையில் ஒரு கேட்டுக்குக் கம்பி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். புதிதாக வந்தவன் நிமிர்ந்து, "அக்கா, இந்த மேச நல்ல மட்டமா இருக்கே. யாரு செஞ்சது?" என்று கேட்டான்.

நான் உங்கள் பெயரைச் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். முதல் தடவை நாக்குத் தடுக்கியது, பெயர் பாதியில் நின்றுவிட்டது. அவனுக்கு விளங்கவில்லை, "யாரு?" என்றான். இரண்டாம் தடவை முழுதாக வந்தது.